கற்பதற்கு வயது தடையில்லை: விளையாட்டு வீரர்களின் பயிற்சியிலிருந்து மூத்தோருக்குச் சில பாடங்கள்

தொலைக்காட்சியில் பூப்பந்து ஆட்டம் பார்க்கும்போது, நம் கண் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. அடுத்த முறை பார்க்கும்போது, சிறிது நேரம் பந்தை விட்டுவிட்டு விளையாட்டாளரின் கால்களை மட்டும் கவனியுங்கள். எதிராளி பந்தை அடிக்கும் நேரத்தில் அவர் இலேசாகத் துள்ளித் தயாராகிறார். ஓர் அடி, இரண்டு அடி, பிறகு ஒரு நீண்ட எட்டு. முன்னங்கால் குதிகால் முதலில் படும்படி இறங்குகிறது. பந்தை அடித்த மறுநொடியே நடுவிடத்திற்குத் திரும்பிவிடுகிறார். இத்தனைக்கும் நடுவில் அவர் தடுமாறுவதில்லை.

1970களில் மலேசியாவின் பஞ்ச் குணாளன் ஆடியதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கலாம். 2021இல் ஸ்பெயினில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தைச் சிங்கப்பூருக்கு முதன்முறையாக வென்று தந்த லோ கியன் இயூவின் ஆட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலடிகள் பிறவியிலேயே வந்தவை அல்ல. பந்தே இல்லாத வெறும் திடலில், ஆயிரக்கணக்கான முறை நடந்தும் ஓடியும் பழகி வந்தவை.

“அதெல்லாம் இளம் வயதினருக்கு. எனக்கு 70 வயதாகிறது. இனிமேல் நான் எதைக் கற்றுக்கொள்வது?” என்று நீங்கள் கேட்கலாம். வீரர்கள் ஓர் அசைவைக் கற்றுக்கொள்ளும் முறையும், நீங்கள் தடுமாறாமல் நடக்கவும், நாற்காலியிலிருந்து எழவும், தரையில் உட்கார்ந்து எழவும் பழகும் முறையும் ஒன்றே. விழாமல் இருப்பதும் ஒரு திறன்தான். அதைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ள முடியும்.

திறன் வேறு, வலிமை வேறு

வலிமை என்பது தசையின் ஆற்றல். திறன் என்பது அந்த ஆற்றலைச் சரியான நேரத்தில், சரியான அளவில், சரியான திசையில் பயன்படுத்துவது. கால்களில் வலு இருந்தும் பேருந்து திடீரென நிற்கும்போது சிலர் தடுமாறுகிறார்கள். அதே பேருந்தில் நிற்கும் வேறொருவர் காலை அகட்டி வைத்து, கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிடுகிறார். முதலாமவருக்குக் குறைவாக இருப்பது பெரும்பாலும் வலிமை அன்று, பழக்கம்.

ஆகவே தினமும் நடைப்பயிற்சி மட்டும் செய்தால் போதாது. சிங்கப்பூரின் உடலுழைப்பு வழிகாட்டி நெறிகளின்படி, மூத்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். அத்துடன், வாரத்தில் குறைந்தது 3 நாள், சமநிலையையும் தசை வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளையும் செய்ய வேண்டும்.

கற்றலின் மூன்று படிகள்

எந்த அசைவைக் கற்றாலும் நாம் மூன்று படிகளைக் கடக்கிறோம் என்று விளையாட்டு அறிவியல் கூறுகிறது. முதன்முதலில் தோசை வார்த்த நாளை நினைத்துப் பாருங்கள். இந்த மூன்று படிகளும் எளிதாக விளங்கும்.

முதல் படி: யோசித்துச் செய்வது. எவ்வளவு மாவு, எங்கே ஊற்றுவது, எந்தப் பக்கம் சுற்றுவது என ஒவ்வொன்றையும் மனத்தில் சொல்லிக்கொண்டே செய்கிறோம். தவறுகள் அதிகம். சீக்கிரம் களைத்துப் போகிறோம். புதிதாக மட்டையைப் பிடிப்பவரும் இப்படித்தான்.

இரண்டாம் படி: திருத்திச் செய்வது. மாவு கெட்டியா, கல் சூடா என்று நாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறோம். தவறுகள் குறைகின்றன. இந்தப் படிதான் மிக நீண்டது. பலர் பொறுமை இழப்பதும் இங்கேதான்.

மூன்றாம் படி: தானாகவே செய்வது. பேத்தியிடம் பேசிக்கொண்டே தோசை வார்க்கிறோம். கை தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கவனம் வேறு வேலைக்குக் கிடைக்கிறது. தேர்ந்த விளையாட்டாளர் தன் காலடியைப் பற்றி யோசிப்பதில்லை. எதிராளியைப் பற்றியே யோசிக்கிறார்.

நடப்பது நம் எல்லோருக்கும் மூன்றாம் படியில் இருக்கும் திறன். ஆனால் வயது கூடும்போது, பார்வையும் பாத உணர்ச்சியும் குறையும்போது, அது சத்தமில்லாமல் இரண்டாம் படிக்கு இறங்கிவிடலாம். நடையின் மேல் கவனம் வைக்க வேண்டியதாகிறது. நடந்துகொண்டே பேச முடியாமல், பேசுவதற்காக நின்றுவிடும் மூத்தோர் பிற்காலத்தில் விழும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ இந்தப் பழக்கம் அண்மையில் வந்திருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். பயிற்சி தொடங்க இது தக்க நேரம்.

வயதானால் மூளை கற்காதா?

கற்கும். ஆனால் சற்று மெதுவாகக் கற்கும்.

ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சராசரியாக 60 வதில் இருந்தவர்களுக்கு மூன்று பந்துகளைக் கையால் மாற்றி மாற்றி மேலே வீசிப் பிடிக்கும் வித்தை கற்றுத் தரப்பட்டது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அசைவைக் கண்ணால் தொடரும் பகுதி உட்படச் சில இடங்களில் வளர்ச்சி தெரிந்தது. இளையர்களைவிடக் குறைவானவர்களே வித்தையை முழுமையாகக் கற்றார்கள் என்பதும் உண்மை. பயிற்சியை நிறுத்தியபின் அந்த வளர்ச்சி மீண்டும் குறைந்ததும் உண்மை.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. ஒன்று, மூளை முதுமையிலும் மாறக்கூடியது. மற்றொன்று, பழக்கத்தை விட்டால் பலனும் போய்விடும். மாத்திரையைப் போல, பயிற்சியையும் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீரர்களிடமிருந்து கற்க வேண்டிய ஐந்து பழக்கங்கள்

1. சிறிது சிறிதாக, அடிக்கடி

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட, தினமும் 10 நிமிடம் செய்வது திறனை நன்கு வளர்க்கும். பயிற்சிக்கு இடையே உள்ள ஓய்வு வீணான நேரம் அன்று. நாம் தூங்கும்போது மூளை அன்று பழகிய அசைவுகளைச் சேமித்து உறுதிப்படுத்துகிறது. நேற்று வராத அசைவு இன்று காலை வருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே போதிய உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி.

2. மாற்றி மாற்றிப் பழகுதல்

ஒரே அடியை 50 முறை அடித்தால் அன்றைக்கு அது அழகாக வரும். ஆனால் பல அடிகளைக் கலந்து பழகியவருக்கே அடுத்த வாரம் அது நினைவில் நிற்கும். கலந்து பழகும்போது தவறுகள் கூடும். பயிற்சி மோசமாகப் போவதுபோல் தோன்றும். மனம் தளர வேண்டாம். மூளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிடுவதால்தான் அப்படி.

நீங்கள் செய்யக்கூடியது: முதல் வாரம் ஒரே அசைவைப் பழகுங்கள். அது ஓரளவு வந்தபின், முன்னால் நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே நேர்க்கோட்டில் நடத்தல் ஆகியவற்றைக் கலந்து செய்யுங்கள்.

3. உடலை அல்ல, இலக்கை நினைத்தல்

“முழங்காலை மடக்கு, மணிக்கட்டைத் திருப்பு” என்று உடல் உறுப்புகளையே நினைத்துக்கொண்டிருந்தால் அசைவு இறுகிப்போகும். “பந்து வலையின் விளிம்பை ஒட்டிப் போகட்டும்” என்று நினைத்தால் உடல் தானாகவே வழி கண்டுபிடிக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது, “தொடைத் தசையை இறுக்க வேண்டும்” என்று நினைக்காதீர்கள். எதிர்ச் சுவரில் உள்ள நாட்காட்டியை நோக்கி எழுவதாக நினையுங்கள்.

4. முன்கூட்டியே பார்த்தல்

தேர்ந்த பூப்பந்து விளையாட்டாளர், பந்து வருவதற்கு முன்பே, எதிராளியின் கை அசைவிலிருந்து அது எங்கே வரும் என்று ஊகித்துவிடுகிறார். புதியவரோ மட்டை பந்தைத் தொடும்வரை காத்திருக்கிறார். வேகமான கால்களைவிட இந்தப் பார்வைதான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

ஈரச்சந்தையில் நடக்கும்போது காலடியையே பார்த்து நடக்காதீர்கள். சில அடிகள் முன்னால் பாருங்கள். ஈரமான தரை, தள்ளுவண்டி, படி விளிம்பு ஆகியவற்றை முன்பே கண்டுகொண்டால், கால் தயாராக இருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் படியின் விளிம்பைப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

5. தவறைத் தாமே கண்டறிதல்

நல்ல பயிற்றுவிப்பாளர் ஒவ்வோர் அடிக்கும் குறை சொல்வதில்லை. சில முறை செய்யவிட்டு, “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று முதலில் கேட்பார். எப்போதும் பிறர் திருத்திக்கொண்டே இருந்தால், அவர் இல்லாதபோது நம்மால் திருத்திக்கொள்ள முடியாது. பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்தே நடத்துவது அன்பினால்தான். ஆனால் பாதுகாப்பான இடத்தில், அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்களே நடந்து பழகும் நேரமும் தேவை. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

செய்து பழகுவோம்: தரையிலிருந்து எழுதல்

கோயிலில் தரையில் அமர்ந்துவிட்டு எழ முடியாமல், தூணைத் தேடும் நிலை பலருக்கு உண்டு. அதனாலேயே சிலர் தரையில் உட்காருவதை விட்டுவிடுகிறார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது விழுந்தால், அடி பெரிதாக இல்லாவிட்டாலும், எழத் தெரியாமல் நீண்ட நேரம் தரையிலேயே கிடக்க நேரிடலாம்.

கடினமான அசைவை வீரர்கள் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்கிறார்கள். இந்த அசைவையும் அப்படியே பிரிக்கலாம். கடைசித் துண்டிலிருந்து தொடங்குவது எளிது. நகராத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். தரையில் தடித்த விரிப்பு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதல் கட்டம்: நாற்காலியின் இருக்கையில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்த முழங்காலை மெதுவாக விரிப்பில் வையுங்கள். முன்னால் உள்ள பாதத்தை அழுத்தி மீண்டும் எழுங்கள்.

இரண்டாம் கட்டம்: அதே போல் இறங்கி, இரண்டு முழங்கால்களையும் விரிப்பில் வையுங்கள். பிறகு வலுவான காலை முன்னால் கொண்டுவந்து, பாதத்தை ஊன்றி எழுங்கள்.

மூன்றாம் கட்டம்: முழங்காலிட்ட நிலையிலிருந்து கைகளையும் தரையில் ஊன்றுங்கள். தவழும் குழந்தையைப் போல் நாற்காலியை நோக்கி வந்து, கைகளை இருக்கையில் வைத்து எழுங்கள்.

நான்காம் கட்டம்: தவழும் நிலையிலிருந்து பக்கவாட்டில் உட்காருங்கள். மீண்டும் தவழும் நிலைக்கு வந்து எழுங்கள்.

ஐந்தாம் கட்டம்: பக்கவாட்டில் படுங்கள். முழங்கையையும் கையையும் ஊன்றி உட்கார்ந்து, முந்தைய கட்டங்களின் வழியே எழுங்கள்.

ஒரு கட்டம் சிரமமின்றி வந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரு கட்டத்திற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், எலும்பு நலிவு உள்ளவர்களும், இதைச் செய்வதற்கு முன் இயன்முறை சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை உண்மையாகவே விழுந்துவிட்டால், உடனே எழ முயல வேண்டாம். மூச்சை நிதானப்படுத்துங்கள். கை, கால், இடுப்பு வலிக்கிறதா என்று பாருங்கள். கடும் வலி இருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ அசையாமல் இருந்து, உதவிக்கு அழையுங்கள். அவசர மருத்துவ உதவி எண் 995. கைத்தொலைபேசியை வீட்டுக்குள்ளும் உடன் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

நான்கு வாரச் சமநிலைப் பயிற்சி

சமையலறை மேடையின் அருகே, தினமும் 10 நிமிடம் போதும். சறுக்காத காலணி அணிந்துகொள்ளுங்கள். புடவை, கைலி ஆகியவற்றின் விளிம்பு காலில் சிக்காதபடி உயர்த்திக் கட்டுங்கள்.

வாரம் 1: இரு கைகளாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 5 முறை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் 8 முறை.

வாரம் 2: ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் நடத்தலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் 3: ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். குதிகாலும் விரலும் தொடும்படி 10 அடி நடங்கள். எல்லாப் பயிற்சிகளையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள்.

வாரம் 4: கை மேடைக்கு மேலே தயாராக இருக்கட்டும், தொட வேண்டாம். மேடையை ஒட்டி நடந்துகொண்டே, 50இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், அல்லது இன்றைக்கு வாங்க வேண்டிய காய்கறிகளைச் சொல்லுங்கள். கவனம் வேறு இடத்தில் இருக்கும்போதும் கால் தன் வேலையைச் செய்யப் பழகுவதற்கே இந்தப் பயிற்சி.

தடுமாறினால் முந்தைய வாரத்திற்குத் திரும்புங்கள். இலேசான தடுமாற்றம் தோல்வியன்று. தடுமாறி, மேடையைத் தொட்டுச் சமாளிக்கும் ஒவ்வொரு முறையும் உடல் ஒரு பாடம் கற்கிறது.

மீண்டும் மட்டையை எடுக்க விரும்புவோருக்கு

இளமையில் சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடியவர்கள், ஓய்வுபெற்றபின் மீண்டும் ஆட விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். நன்கு பழகிய திறன் பல ஆண்டுகள் மறப்பதில்லை. தசையும் தசைநாரும் அப்படியில்லை. பயன்படுத்தாவிட்டால் அவை வலுவிழந்துவிடுகின்றன. பந்தைக் கண்டதும் மூளை 30 வயதுக் கட்டளையை இடுகிறது. அதை நிறைவேற்ற வேண்டியது 65 வயதுக் குதிகால் தசைநார். பூப்பந்துத் திடலில் குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் அறுந்துபோவது இப்படித்தான் நேர்கிறது. காலுக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்று அடிபட்டவர்கள் சொல்வதுண்டு.

ஆகவே முதல் சில வாரங்கள் புள்ளி எண்ணி ஆட வேண்டாம். போட்டி வந்துவிட்டால் உடலின் எச்சரிக்கை காதில் விழாது. முதலில் 10 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். பந்தில்லாமல் காலடிகளை மெதுவாகப் பழகுங்கள். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை வீட்டிலும் செய்யுங்கள். பின் இரட்டையர் ஆட்டத்தில், எட்டும் பந்தை மட்டும் அடியுங்கள். எட்டாத பந்தை விட்டுவிடுவதும் ஒரு திறன்தான்.

பயம் என்னும் தடை

ஒருமுறை விழுந்தவருக்கு மீண்டும் விழுவோமோ என்ற பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தால் வெளியே போவது குறைகிறது. நடமாட்டம் குறைய, கால்கள் பலவீனமாகின்றன. பலவீனமான கால்கள் மீண்டும் விழ வைக்கின்றன. அடிபட்டு மீளும் விளையாட்டு வீரர்களும் இதே பயத்தைச் சந்திக்கிறார்கள். அவர்கள் முதல் நாளே ஆட்டத்திற்குத் திரும்புவதில்லை. எளிதாக முடியக்கூடிய ஒன்றைச் செய்து, நம்பிக்கை பெற்று, அடுத்ததற்குப் போகிறார்கள். நீங்களும் மின்தூக்கிவரை, பிறகு கீழ்த்தளம்வரை, பிறகு காப்பிக்கடைவரை என்று தூரத்தைக் கூட்டுங்கள். நண்பரோடு செல்லுங்கள். துடிப்பாக மூப்படைதல் நிலையங்களிலும் சமூக மன்றங்களிலும் நடக்கும் தைச்சி போன்ற வகுப்புகளில் சேரலாம். தைச்சி பழகுவோர் விழுவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

* கடந்த ஓராண்டில் விழுந்தவர்கள்
* இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
* எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வருபவர்கள். இரத்த அழுத்த மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்கள். பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தால் சமநிலையும் பாதிக்கப்படும். பயிற்சிக்குப் பின் பாதங்களில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள். பயிற்சியின்போது சர்க்கரை அளவு இறங்கலாம். இனிப்பு ஏதேனும் கையோடு வைத்திருங்கள்.

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ ஆலோசனை பெறலாம். பயிற்சியின்போது நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அறிகுறி தணியாவிட்டால் 995ஐ அழையுங்கள்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

* இந்த வாரம் எத்தனை நாள் சமநிலைப் பயிற்சி செய்தேன்?
* எந்த அசைவு இன்னும் யோசித்துச் செய்ய வேண்டியதாக இருக்கிறது? எது தானாக வருகிறது?
* சென்ற மாதம் முடியாமல் இருந்து, இந்த மாதம் முடிவது எது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீரர்கள் தங்கள் முன்னேற்றத்தை எழுதி வைப்பதுண்டு. “கையால் பிடிக்காமல் 6 விநாடி நின்றேன்” என்ற ஒரு வரியே போதும். அடுத்த மாதம் அது 10 விநாடி ஆகலாம். இன்று மாலை, அடுப்படி வேலை முடிந்ததும், மேடையைப் பிடித்துக்கொண்டு முதல் 10 விநாடியைத் தொடங்குங்கள்.